தெற்கெல்லை

தனிப்பங்கு ஆவதற்கான படிவம்
ஆயர் இல்லத்திலிருந்து வந்தது,
பச்சைத் தாளில் ஆறு பக்கம்.
பங்குத்தந்தை மழைக்கோட்டுக்குள் சுருட்டி
பாலம் தாண்டிக் கொண்டுவந்தார்.

சிப்பிவலசைக்கு வாரம் ஒரு பூசை,
ஞாயிறு மாலை நான்கு மணிக்கு.
தாய்ப்பங்கில் கல்யாணம் என்றால் ஐந்தரைக்கு.
தாய்ப்பங்கு, கிளைப்பங்கு என்கிறார்கள்.
தாய் வீட்டுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

பேரவையின் செயலர் நான்.
தேர்தலில் இல்லை, கையெழுத்தில் ஜெயித்தவள்.
எழுதினேன்:

அன்பியங்கள் ஐந்து.
கூடும் நாள்?
வியாழன் என்கிறது சுற்றறிக்கை.
டோக்கன் கொடுக்காத இரவுதான் எங்களுக்கு வியாழன்.
கச்சான் ஓங்கி அடிக்கும் ஆனியில்
விவிலியப் பகிர்வுக்குப் பாய் பற்றாது.
கடல் அடங்கிவிட்டால்
நானும் கிளாடிசும் உபதேசியாரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பகிர்ந்துகொள்வோம்.
குழந்தை தெரசா அன்பியத்தில் மட்டும் கூட்டம் குறையாது.
அங்கே சம்மாட்டி வீடு இரண்டு,
காபியோடு பிஸ்கட்டும் உண்டு.

பக்த சபைகள்:
மரியாயின் சேனை, எட்டுப் பெண்கள், மூன்று சண்டை.
வின்சென்ட் தே பால் சபை, கையிருப்பு நாலாயிரத்துப் பதினேழு.
இளைஞர் இயக்கம், ஒரு கேரம் போர்டு.
(சண்டையையும் போர்டையும் பிறகு அடித்துவிட்டேன்.)

மூன்றாம் பக்கம், குடும்பங்கள்.
நூற்றைம்பது வேண்டும்.
எத்தனை முறை கூட்டினாலும் நூற்று நாற்பத்தொன்பது.
தோமினிக் குடும்பம் போன மாதம்தான்
குடும்ப அட்டையை வாங்கிக்கொண்டு திருப்பூர் போனது.
"இன்னும் நாலு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா"
என்று பொருளாளர் மேசையைக் குத்தினார்.

"கித்தேரியம்மா?" என்றாள் கிளாடிஸ்.

ஒற்றை ஆள் எப்படிக் குடும்பம் என்றார் ஒருவர்.
விதவைகள் பட்டியலில் இருப்பாள் என்றார் இன்னொருவர்.
பார்த்தேன், இல்லை.
ரெமிஜியுசின் வத்தை கவிழ்ந்து ஒன்பது வருடம்.
உடல் ஒதுங்கவில்லை.
உடல் இல்லாததால் அடக்கம் இல்லை,
அடக்கம் இல்லாததால் இறப்புப் பதிவேட்டில் வரி இல்லை.
கோயில் வரி நோட்டைத் திருப்பினால்
வருடம் தவறாமல் இருக்கிறது:
ரெமிஜியுஸ், த/பெ மிக்கேல், ரூபாய் முந்நூறு, செலுத்தப்பட்டது.
நண்டு உடைத்த கூலியில்
அவன் பெயருக்கு அவள் வாங்கிய ரசீதுகள்.

உயிரோடிருக்கிற இருபத்திரண்டு பேர்
வரிப் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திருச்சபைச் சட்டத்தில் இதற்கு
ஏதோ ஒரு எண் இருக்கிறது என்றார்.
எண் என்ன என்று யாரும் கேட்கவில்லை.
வெளியே ஐஸ் லாரி பின்னோக்கி வந்தது.
நூற்றைம்பதாவதாக எழுதினேன்.
குடும்பத் தலைவர் கையொப்பம் வேண்டுமாம்.
கித்தேரியம்மாவைக் கூப்பிட்டனுப்பினோம்.
முந்தானையில் ஈரக்கை துடைத்து,
எந்தப் பெயரைப் போடணும் என்று கேட்டாள்.
யாரும் சொல்லவில்லை.
அவளாகவே போட்டாள்.
என்ன போட்டாள் என்று
மை காயும்வரை நான் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கம், பங்கின் எல்லைகள்.
வடக்கே ரயில் தண்டவாளம்.
மேற்கே பனங்காடு, அதையொட்டிய தர்கா.
கிழக்கே மீன்துறையின் பழைய ஏலக்கூடம்.
தெற்கே?

கரை என்று எழுதலாம், அதுதான் வழக்கம்.
மறைமாவட்ட வரைபடத்திலும்
நீலத்தைத் தொடாமல்தான் கோடு நிற்கிறது.
கரை என்று எழுதினால்
நேற்று இரவு ஏறிப்போன அறுபது பேரும்
விடியும்வரை எந்தப் பங்கிலும் இல்லை.
ரெமிஜியுஸ், முந்நூறு ரூபாய் கட்டியும், வெளியே.

கடல் என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரே கேள்வியோடு:
எதுவரை?

பேரவை கூடவேண்டும்.
இந்த வாரம் டோக்கன் கொடுத்துவிட்டார்கள்.